ஏந்திய கைகள்: பொற்கோயில் குறித்துச் சில குறிப்புகள்

1

அமிர்தசரஸ் போய்விட்டு ஊர் திரும்பிய மறுநாள் பெரியம்மா கேட்டார்:

“அங்க என்னடா சாமி இருக்கு?”

“சாமி இல்ல பெரியம்மா. ஒரு புத்தகந்தான் இருக்கு.”

“புத்தகத்துக்கா கோயிலு?”

“ஆமா. அதுக்குக் குடை புடிச்சு, விசிறி வீசி, பாட்டுப் பாடுறாங்க. வர்றவங்களுக்கெல்லாம் சோறு போடுறாங்க.”

“ஒண்ணாவா?”

“ஒண்ணாத்தான்.”

“யாரு ஆக்குறா?”

பெரியம்மா பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்கியவர் அல்லர். நாலு புத்தகம் படித்த நண்பர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் தங்கம் எத்தனை கிலோ, 1984இல் குண்டு பாய்ந்த தடம் இன்னும் இருக்கிறதா என்பவைதாம். ஒரு வழிபாட்டு இடத்தைப் புரிந்துகொள்ள அடித்தள மக்களிடம் உள்ள அளவுகோல் பெரியம்மாவின் அந்த இரண்டு கேள்விகளில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒண்ணாவா? யாரு ஆக்குறா? ஒரு கோயிலின் ஆன்மீகத்தை அதன் கருவறையிலிருந்து வாசிப்பது வழக்கம். நான் அடுப்படியிலிருந்து வாசிக்க முயல்கிறேன்.

எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருக்களாச்சேரிக் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர் தர்கா. வடக்கே காரைக்கால் டவுனில் அம்மையார் கோயில். காரைக்காலின் பெருங்கதையே ஒரு சோற்றுக் கதைதான். பசித்து வந்த அடியாருக்குப் புனிதவதி சோறிட்டு, கணவன் கொடுத்தனுப்பிய மாங்கனியையும் வைத்தாள். அங்கே தொடங்குகிறது அற்புதம். இன்றும் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் வாரி இறைக்கிறார்கள். ஆனால் அந்தக் கதையில் இலை போடப்பட்டது சிவனடியாருக்கு. எங்கள் தெருவிலிருந்து ஒருவன் பசித்துப் போயிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்பதைப் புராணம் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, நமக்கே தெரியும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோர முகாம் ஒன்றில் நாங்கள் தங்கியிருந்தோம். எந்த முகாம், யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். சோறு எல்லோருக்கும் உண்டு. ஆனால் “நீங்க அப்புறம் வாங்க” என்றொரு வாக்கியமும் கூடவே உண்டு. கடல் எங்களைப் பிரித்துப் பார்க்கவில்லை, முகாம் பார்த்தது. அந்த நாட்களில் வெளியூரிலிருந்து வந்த பல தொண்டர்களில் தலைப்பாகை கட்டிய சிலரும் இருந்தார்கள். பெரிய அண்டாவை வைத்துச் சமைத்தார்கள். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. ஒருவேளை பாஷை தெரியாததால்தான் கேட்கவில்லையோ என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவுக்கு அவர்கள் ‘முண்டாசுக்காரவங்க’. அவர்களுடைய கோயிலைப் பார்க்கத்தான் நான் போனேன்.

2

முதலில் கட்டிடம். ஹர்மந்திர் சாகிப் என்பது அதன் பெயர். பொற்கோயில் என்பது ரஞ்சித் சிங் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தங்கத் தகடு போர்த்திய பிறகு வந்த பெயர். தங்கம் பின்னால் வந்தது. முன்னால் இருந்தது குளம். நான்காம் குரு ராம் தாஸ் 1577இல் வெட்டத் தொடங்கிய குளம் அது. அமிர்தசரஸ் என்ற ஊர்ப் பெயருக்கே அமிர்தக் குளம் என்றுதான் பொருள். அவருக்குப் பின் வந்த குரு அர்ஜன் அந்தக் குளத்தின் நடுவில் கோயிலைக் கட்டினார். லாகூரைச் சேர்ந்த சூஃபி ஞானி மியான் மீர் அடிக்கல் நாட்டினார் என்பது மரபு. இது பிற்காலத்தில் எழுதப்பட்ட செய்தி என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் ஐயப்படுகிறார்கள். ஐயம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் ஒரு சமூகம் தன் தலைமைக் கோயிலுக்கு ஓர் இஸ்லாமியர் கல் எடுத்து வைத்தார் என்று நம்ப விரும்புகிறது என்பதே கவனத்திற்குரியது. நாகூர் தர்காவின் உயரமான மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தார் என்று பெருமையாகச் சொல்லிக் கொள்ளும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது எளிதில் விளங்கும்.

கட்டிடத்தில் இரண்டு விஷயங்கள் சட்டென்று கண்ணில் படும். ஒன்று, படி ஏறிப் போகிற கோயில் அல்ல, படி இறங்கிப் போகிற கோயில். நுழைவாயிலில் நின்றால் கோயில் உங்களுக்குக் கீழே தெரியும். இரண்டு, கோயிலுக்கு நான்கு பக்கமும் வாசல். நான்கு திசைக்கும் நான்கு வர்ணத்திற்கும் என்று விளக்கம் சொல்வார்கள். நான்கு வர்ணத்திற்கும் வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு எந்த வாசல் என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

1604இல் இந்தக் கோயிலில் வைக்கப்பட்டது ஒரு நூல், ஆதி கிரந்தம். குரு அர்ஜன் தொகுத்தது. குருமார்களின் பாடல்களோடு வேறு பலருடைய பாடல்களும் அதில் சேர்க்கப்பட்டன. நெசவாளர் கபீர், தோல் தொழிலாளர் ரவிதாஸ், துணிக்கு அச்சிடும் சாதியில் பிறந்த நாமதேவர், நாவிதர் சைன், கசாப்புக்காரர் சதனா, சூஃபி ஷேக் ஃபரீத். பத்தாம் குரு கோவிந்த் சிங் 1708இல், இனி மனித குரு கிடையாது, இந்நூலே குரு என்று அறிவித்தார். இதன் பொருளை நம் மரபோடு ஒப்பிட்டால்தான் உறைக்கும். நம் பன்னிரு திருமுறைக்குள் நந்தனின் கதை இருக்கிறது. நந்தன் பாடியதாக ஒரு பாடல்கூட இல்லை. அவன் பேசப்படும் பொருள், பேசும் ஆள் அல்லன். வைணவத்தில் திருப்பாணாழ்வாரின் பத்துப் பாடல்கள் இருக்கின்றன என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அவரும் தம் காலால் நடந்து உள்ளே போனதாகக் கதை இல்லை, ஓர் அர்ச்சகரின் தோளில் ஏற்றித்தான் கொண்டுபோகிறார்கள். பொற்கோயிலில் அந்த நூலின் முன் தலை தாழ்த்துகிறவர் எந்தச் சாதியாக இருந்தாலும் ரவிதாசின் சொல்லுக்கும் சேர்த்துத்தான் தாழ்த்துகிறார். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

3

இனி அடுப்படி. லங்கர் என்பது பொதுச் சமையற்கூடம். அங்கே வரிசையாகத் தரையில் உட்கார்ந்து உண்பது பங்கத். மூன்றாம் குரு அமர் தாஸ் காலத்தில், முதலில் பங்கத்தில் உட்கார், பிறகு குருவைப் பார் என்பது விதியாக இருந்தது. பேரரசர் அக்பரே உட்கார்ந்துதான் போனார் என்று மரபு சொல்கிறது.

பங்கத் என்ற சொல்லும் நம்முடைய பந்தி என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. வரிசை என்று பொருள்படும் வடசொல் ‘பங்க்தி’. ஒரே சொல் வடக்கே போய் ஒரு பொருளும் தெற்கே வந்து வேறொரு பொருளும் பெற்றுவிட்டது. பந்தி என்றால் நமக்கு முதல் பந்தி, கடைசிப் பந்தி. யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால், யாருக்கு வெளியே என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. ஆகவேதான் நம் அரசாங்கம் கோயில்களில் சுதந்திர தினத்தன்று போடும் சாப்பாட்டுக்குச் ‘சமபந்தி’ என்று பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. வெறும் பந்தி என்றால் சமம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பங்கத்துக்கு முன்னால் ‘சம’ என்று ஒட்டவைக்கும் தேவை இருக்கவில்லை.

சாதாரண நாளிலேயே 50,000 பேருக்கு மேல் அங்கே சாப்பிடுகிறார்கள். ராத்திரி பகல் கிடையாது. ரொட்டி, பருப்பு, காய், ஒரு பாயசம். வெங்காயம் உரிப்பவர், மாவு தேய்ப்பவர், தட்டுக் கழுவுபவர் எல்லாரும் பெரும்பாலும் வந்தவர்கள்தான். இதைச் சேவா என்கிறார்கள். நானும் தட்டுக் கழுவினேன். என் பக்கத்தில் கழுவிக்கொண்டிருந்தவரின் கைக்கடிகாரம் என் ஆறு மாதச் சம்பளம் பெறும். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, நான் யார் என்று அவருக்கும் தெரியாது. பெரியம்மாவின் இரண்டாவது கேள்விக்கு அங்கே கிடைத்த பதில் அது: யாரு வேணும்னாலும் ஆக்கலாம்.

ஆனால் முக்கியமான விஷயம் தட்டில் ரொட்டி விழுவதற்கு முன்பு நடந்தது. பங்கத்தில் ரொட்டியைத் தட்டில் போட மாட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும், அதில்தான் வைப்பார்கள். பிரசாதம் என்பதால் அப்படி. பரிமாறுகிறவர் எனக்கு முன்னால் வந்து நின்றபோது என் கை எழவில்லை. எங்கள் ஆட்களுக்கு இரண்டு கையையும் குவித்து ஏந்துவது என்றால் வேறு நினைவு. டீக்கடையில் தனிக் குவளைகூட இல்லாத காலத்தில், எங்கள் தாத்தாமார்களின் குவித்த கையில் மேலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். படாமல் ஊற்றினார்கள். எவ்வளவு குனிந்து ஏந்த வேண்டும் என்பதுகூட உடம்புக்குப் பாடமாக இருந்தது. நான் அப்படி ஏந்தியதில்லை. ஆனாலும் என் உடம்பில் அது இருக்கிறது.

வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கடிகாரக்காரர் ஏந்திக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏந்திக்கொண்டிருந்தாள். பஞ்சாபி விவசாயி ஒருவர், அவருடைய பேரன், எல்லாரும் ஏந்திக்கொண்டிருந்தார்கள். நானும் ஏந்தினேன். ரொட்டி சூடாக இருந்தது. வைத்தவரின் விரல் என் உள்ளங்கையில் பட்டது.

சீக்கியத்தின் ஆன்மீகம் என்று நூல்கள் மூன்று கடமைகளைச் சொல்லும்: இறைவன் பெயரை நினைத்தல், உழைத்துப் பிழைத்தல், பகிர்ந்து உண்ணல். இந்த மூன்றையும் இணைப்பது எது என்று கேட்டால் ‘ஏற்றல்’ என்பேன். 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சாவைத் தொடங்கியபோது முதலில் முன்வந்த ஐவரில் ஒருவர் கத்ரி, ஒருவர் ஜாட், ஒருவர் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் துணிக்கு அச்சிடுபவர், ஒருவர் நாவிதர் என்கிறது மரபு. ஐந்து பேரும் ஒரே கிண்ணத்தில் அமிர்தம் குடித்தார்கள். அதற்கடுத்து நடந்ததுதான் பெரிது. குரு அவர்கள் முன் பணிந்து, எனக்கும் கொடுங்கள் என்று அவர்கள் கையிலிருந்து வாங்கிக் குடித்தார். பார்ப்பனியம் கொடுப்பதை ஒருபோதும் தடுத்ததில்லை. தானம், அன்னதானம் எல்லாம் அதற்கு உகந்தவையே. கீழே உள்ளவன் கையிலிருந்து வாங்குவதைத்தான் அது தடுத்தது. தீட்டு என்கிற ஏற்பாடு முழுவதும் யார் கையிலிருந்து எதை ஏற்கலாம் என்பதன் இலக்கணம்தான். அந்த இலக்கணத்தைத் தலைகீழாக்கியதுதான் அந்தக் கிண்ணத்தின் அர்த்தம்.

4

இவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்தினால் இது பக்திக் கட்டுரையாகிவிடும். பொற்கோயிலின் வரலாறு அப்படி நேர்கோட்டில் போகவில்லை.

1757இலும் 1762இலும் ஆப்கானியப் படைகள் கோயிலைச் சிதைத்தன. இரண்டாம் முறை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். 1764க்குப் பிறகு மீண்டும் எழுந்தது. வெளியிலிருந்து வந்த அழிவைவிட நுட்பமான அழிவு உள்ளே நடந்தது. காலப்போக்கில் கோயில்கள் மகந்துகள், பூசாரிகள் கைக்குப் போயின. பிரிட்டிஷ் ஆட்சியில் பொற்கோயிலுக்கு நிர்வாகியை அரசாங்கமே நியமித்தது. 1905 வரை குளத்தைச் சுற்றிய பிரகாரத்தில் சிலைகள்கூட இருந்தன. 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடத்திய டயருக்கு இதே கோயிலில் மரியாதை செய்யப்பட்டது. தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியரானவர்கள் கொண்டுவந்த பிரசாதத்தைப் பூசாரிகள் ஏற்பதில்லை. நான்கு வாசல் அப்படியேதான் இருந்தது. வாசல் திறந்திருந்தால் போதாது போலிருக்கிறது.

1920 அக்டோபர் 12. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து புதிதாக அமிர்தம் ஏற்ற சீக்கியர்கள் ஊர்வலமாகப் பொற்கோயிலுக்கு வந்தார்கள். கால்சா கல்லூரி ஆசிரியர்கள் சிலர் உடன் வந்தார்கள். கடா பிரசாதம் என்னும் கோதுமை அல்வாவைக் கொண்டுவந்தார்கள். பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். வாக்குவாதம். கடைசியில் நூலையே கேட்போம் என்று முடிவாயிற்று. கிரந்தத்தைத் திறந்து முதலில் கண்ணில் படும் பாடலை ஆணையாக ஏற்பது அவர்கள் வழக்கம். வந்த பாடல் வந்தவர்களுக்குச் சார்பாக இருந்தது. பிரசாதம் ஏற்கப்பட்டது. கூட்டம் எதிரே உள்ள அகால் தக்துக்கு நகர்ந்தபோது அங்கிருந்த பூசாரிகள் இடத்தைவிட்டே போய்விட்டார்கள். காலியான பீடத்தை மக்கள் பொறுப்பில் எடுத்தார்கள். அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. 1925இல் குருத்வாராச் சட்டம் வந்தது.

அதாவது, கோயிலைப் பூசாரிகளிடமிருந்து மக்கள் மீட்டெடுத்த ஒரு பெரும் இயக்கத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று, ஒரு தாழ்த்தப்பட்டவரின் கையில் இருந்த அல்வா. 1922இல் குரு கா பாக் என்னுமிடத்தில் ஆயிரக்கணக்கான அகாலிகள் திருப்பி அடிக்காமல் போலீஸ் தடியடி வாங்கினார்களே, அது எதற்காகத் தொடங்கியது? லங்கர் அடுப்புக்கு விறகு வெட்டும் உரிமைக்காக.

5

அடிபட்ட அந்த அகாலிகள் தெற்கே வந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1924இல் வைக்கம் சத்தியாகிரகம் நடந்தபோது பஞ்சாபிலிருந்து வந்து அங்கே ஒரு இலவசச் சமையற்கூடம் திறந்தார்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் தொண்டர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். காந்தி இதை விரும்பவில்லை. இது இந்துக்கள் தங்களுக்குள் தீர்க்க வேண்டிய பிரச்சினை, உள்ளூர்க்காரர்கள் தம் பலத்தில் நடத்த வேண்டும் என்பது அவர் நிலை. சமையற்கூடம் மூடப்பட்டது. தீண்டாமையை ஒரு மதத்தின் வீட்டுச் சமாச்சாரமாக வரையறுத்த சொல்லாடல் ஓர் அடுப்பை அணைத்த தருணம் என்று இதை வாசிக்கலாம்.

அதே வைக்கத்தில்தான் பெரியார் சிறை சென்றார். அதே காலத்தில்தான் தமிழ்நாட்டில் சேரன்மாதேவி குருகுலப் பிரச்சினை வெடித்தது. காங்கிரஸ் பண உதவியோடு வ.வே.சு. ஐயர் நடத்திய தேசியப் பள்ளியில் பார்ப்பனப் பிள்ளைகள் தனியே சாப்பிட்டார்கள். பெரியார் காங்கிரசைவிட்டு விலகியதற்கு இட்டுச்சென்ற காரணங்களில் அதுவும் ஒன்று. தமிழ் அரசியலில் ஒரு பெரும் உடைப்பு ஒரு சாப்பாட்டுக் கூடத்தில் தொடங்கியிருக்கிறது.

நம்மிடம் வேறு மரபே இல்லை என்று சொல்ல மாட்டேன். வைகுண்ட சாமி சாமித்தோப்பில் கூட்டி உண்ண வைத்தார், தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வழிபடச் சொன்னார். வள்ளலார் 1867இல் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. ஆனால் இவை நம் பெருங்கோயில்களின் மடைப்பள்ளிக்குள் நுழையவில்லை. பக்கத்தில் தனியாக நின்றன. பஞ்சாபில் அடுப்பு தலைமைக் கோயிலின் உறுப்பாகவே இருந்தது. வேறுபாடு அங்கேதான்.

அம்பேத்கர் 1935இல், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்த பிறகு சீக்கியத்தை ஊன்றிப் பரிசீலித்தார். 1936 ஏப்ரலில் அமிர்தசரசில் நடந்த சீக்கிய மாநாட்டுக்கு வந்தார். கடைசியில், 1956இல், பௌத்தத்தைத் தேர்ந்தார். அவர் ஏன் இங்கே தங்கவில்லை என்பதற்குப் பலரும் பல காரணம் சொல்கிறார்கள். பஞ்சாபின் கிராமங்களைப் பார்த்தால் ஒரு காரணம் நமக்கே தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாபின் மக்கள்தொகையில் ஏறக்குறைய 32 விழுக்காட்டினர் தலித்துகள், இந்திய மாநிலங்களிலேயே இதுதான் அதிகம். நிலமோ பெரும்பாலும் ஜாட் சீக்கியர் கையில். பல ஊர்களில் சாதிக்கொரு குருத்வாரா, சாதிக்கொரு சுடுகாடு. 2009இல் வியன்னாவில் ரவிதாசி குரு ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, 2010இல் ரவிதாசிகளில் ஒரு பகுதியினர் தாங்கள் தனி மதம் என்று அறிவித்துத் தனி நூலும் வைத்துக்கொண்டார்கள். எந்த நூலில் ரவிதாசின் சொல் இருக்கிறது என்று மேலே வியந்தேனோ, அதே நூலைவிட்டு ரவிதாசின் மக்கள் வெளியேறினார்கள். பொற்கோயிலின் உள்ளே பெண்கள் கீர்த்தனை பாடும் வழக்கமும் இல்லை. அனுமதிக்க வேண்டுமென்று 2019இல் பஞ்சாப் சட்டமன்றமே தீர்மானம் போட வேண்டியிருந்தது. ரொட்டி சுடும் கை பாடக் கூடாது.

6

1984 பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அந்த ஜூன் மாதம், பிந்தரன்வாலேயும் ஆயுதம் தாங்கிய அவர் ஆட்களும் அகால் தக்தில் நிலைகொண்டிருந்தபோது இந்திய ராணுவம் உள்ளே புகுந்தது. குரு அர்ஜன் உயிர்த்தியாக நாளுக்காக வந்திருந்த யாத்ரீகர்கள் உள்ளே இருந்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசின் கணக்கும் மக்களின் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கோயில் வளாகத்திலிருந்த சீக்கிய ஆய்வு நூலகம் போயிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த நமக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அக்டோபர் 31இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் டெல்லித் தெருக்களில் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள்.

சிதைந்த அகால் தக்தை அரசாங்கம் அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தது. 1986இல் சீக்கியர்கள் அந்தப் புதுக் கட்டிடத்தை இடித்துவிட்டுத் தங்கள் கையாலேயே திரும்பக் கட்டினார்கள். நல்ல கட்டிடத்தை ஏன் இடிக்க வேண்டும் என்று அப்போது பத்திரிகை படித்தவர்கள் கேட்டார்கள். யாரு ஆக்குறா என்று கேட்ட பெரியம்மாவுக்கு இது புரியும். இப்படிக் கூடி உழைப்பதற்கு அவர்களிடம் ஒரு சொல் உண்டு, கரசேவை. 1923இல் பொற்கோயில் குளத்தில் மக்கள் இறங்கித் தூர் வாரியதற்கும் அந்தப் பெயர்தான். 1992 டிசம்பர் 6க்குப் பிறகு நமக்கு அந்தச் சொல் மசூதி இடிப்பவர்களின் சொல்லாகத் தெரிகிறது. நிலத்தை மட்டுமா பறிக்கிறார்கள், சொல்லையும் பறிக்கிறார்கள்.

7

இதையெல்லாம் பெரியம்மாவிடம் நான் சொன்னது வேறு மொழியில். அல்வாவைப் பூசாரி வாங்க மறுத்ததைச் சொன்னபோது, “அங்கயுமா?” என்றார். பிறகு வாங்கியதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப அவங்களும் சண்டை போட்டுத்தான் உக்காந்திருக்காங்க” என்றார்.

பொற்கோயிலைப் பற்றி நான் சொல்ல வந்ததும் அதுதான். அதன் ஆன்மீகம் குளத்திலோ தங்கத்திலோ நான்கு வாசலிலோ சேமித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. 1604இல் ஒருமுறை கொடுக்கப்பட்டதை 1920இல் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இன்றைக்குப் பஞ்சாபின் தலித்துகளும் பெண்களும் இன்னொருமுறை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. அந்த மரபே ‘ஏற்க வேண்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறது. நம்முடைய கோயில்களில் அப்படிப்பட்ட பிடிமானத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

ஆடியில் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். ஒவ்வொரு வருடமும் எங்கள் தெருவே ஊற்றி எங்கள் தெருவே குடிக்கும். இந்த வருடம் பானையைத் தெருமுனைக்கு, ரோட்டோரம் கொண்டுபோய் வைக்கலாம் என்று பெரியம்மா சொல்கிறார்.

“யாரும் வாங்கிக் குடிக்கலன்னா?” என்றேன்.

“ஊத்துறது நம்ம வேலை. கைய நீட்டுறது அவங்க வேலை” என்றார்.